குடைக்கும் சாவிக்கும் நடுவே ஒரு வாய்க்கால்

மார்ச் 11

மோட்டார் இன்றைக்கு இருபது நிமிடம் ஓடியது. பிறகு தண்ணீரோடு காற்றையும் சேர்த்துத் துப்ப ஆரம்பித்தது. நிறுத்திவிட்டேன். போர் எழுநூறு அடி. மரவள்ளி இலை மத்தியானமானால் துவண்டுவிடுகிறது. ஊர் ஏரி கடைசியாக நிரம்பியபோது மகன் அன்பு பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். அவன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போயே ஐந்து வருடம் ஆகிறது.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் நடக்க இடமில்லை. குடைக் கட்சிக் கொடி மூன்று கட்டு, நோட்டீஸ் நாலு பெட்டி. இந்த ஊருக்குக் குடையின் கிளைச் செயலாளர் இவர்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் குடைக்குத்தான் ஓட்டுப் போட்டு வருகிறேன். யாருக்குப் போடுவது என்று யோசித்ததே கிடையாது. யோசிக்க என்ன இருக்கிறது, ஒரே வீடு.

நோட்டீஸின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: மூங்கிலோடை அணை. கல்வராயன் மலையில் ஓடையை மறித்து அணை கட்டி, கால்வாய் வெட்டி, எங்கள் பக்கத்துப் பதினெட்டு ஏரிகளுக்குத் தண்ணீர் தருவார்களாம். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் வெள்ளச்சி ஞாபகத்துக்கு வந்தாள்.

வருடா வருடம் மலையிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் கொல்லைக்குக் களை எடுக்க வருகிறவள். அவளுடைய ஊர் தேக்கம்பாடி. அது மூங்கிலோடைக் கரையில் இருக்கிறது.

இவரிடம் கேட்டேன். "அணை கட்டுனா அவுங்க ஊரு இன்னா ஆவும்?"

"மூணு ஊரு தண்ணில முழுகிடும். வேற எடத்துல வூடு கட்டிக் குடுப்பாங்க. உனுக்கு எதுக்கு அதெல்லாம்? தண்ணி வேணுமா, வேணாமா?"

வேணும். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

மார்ச் 16

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். ஏப்ரல் 23. ரோட்டோரச் சுவர்களில் இருந்த கட்சிப் படத்துக்கெல்லாம் சாயங்காலத்துக்குள் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

மார்ச் 20

அன்பு இரண்டு கட்சி அறிக்கையையும் போனுக்கு அனுப்பினான். குடையுடையது நூற்றெட்டுப் பக்கம், சாவியுடையது எழுபத்திரண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று நாளாகப் படித்தேன். பன்னிரண்டாவது பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு சேர்ந்தாற்போல் நான் படித்ததில்லை.

பெண்களுக்கு மாதாமாதம் கொடுப்பது, பஸ், கேஸ், கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர்—இதெல்லாம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எங்கள் தொகுதிக்கு வரும்போது தண்ணீரில்தான் இரண்டும் பிரிகின்றன. குடை அணை கட்டுகிறேன் என்கிறது. சாவி அணை வேண்டாம் என்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு அவர்கள் உழுகிற நிலத்துக்குப் பட்டா. கீழே ஏரிகளைத் தூர்வாரி, மலைத் தண்ணீர் ஏரிக்கு வருகிற வரத்து வாய்க்கால்களில் ஆக்கிரமிப்பை எடுத்துவிட்டாலே போதும் என்கிறது.

எனக்கு இரண்டிலும் சந்தேகம். அந்தப் பதினெட்டு ஏரிப் பட்டியலில் எங்கள் ஏரி பதினாறாவது. கால்வாய்த் தண்ணீர் பதினைந்து ஏரியைத் தாண்டி எங்களுக்கு வருமா? சாவியை எடுத்துக்கொண்டால், தூர்வாருகிறோம் என்று சொல்லாத தேர்தல் எது? போன தடவை தூர்வாரிய மண்ணெல்லாம் செங்கல் சூளைக்குப் போனது. ஏரியில் பள்ளம்தான் மிச்சம்.

இவர் எட்டிப் பார்த்து, "இன்னா, சாவிக்காரன் அறிக்கையெல்லாம் படிச்சிக்கினு இருக்கிற" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மார்ச் 22

குடை வேட்பாளர் ஊருக்கு வந்தார். ஆரத்தி வரிசையில் முதல் தட்டு என்னுடையது. செயலாளர் பெண்டாட்டி என்றால் அப்படித்தான்.

ஜீப்பிலிருந்து இறங்கி என் தட்டின் முன்னால் குனிந்தார். நானாக எதுவும் திட்டம் போடவில்லை. வாயில் வந்துவிட்டது.

"ஐயா, அணை கட்டுனா மேல இருக்கறவங்க எங்க போவாங்க?"

நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. "நல்ல எடமா குடுப்போம் தாயி. தார் ரோடு, கரண்டு, ஆஸ்பத்திரி பக்கத்துல. இப்ப இருக்கறதவிட நல்லா இருப்பாங்க" என்றார். அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்.

நல்ல பதில்தான். வீட்டுக்கு வந்து இவர் வேட்டியை மாற்றிக்கொண்டே சொன்னார், "கேக்கறதுன்னா என்னை வூட்ல கேளு. அங்க நாப்பது பேரு நிக்கிறானுங்க." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இடம் தருவோம், வீடு தருவோம் என்று வேட்பாளரும் சொல்கிறார், இவரும் சொல்கிறார். வெள்ளச்சியைக் கேட்டவர்கள் யார்? நானும் கேட்கவில்லை.

மார்ச் 27

மலைக்குப் போய் வந்தேன். இவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "போய்ட்டு வா" என்றார், பேப்பரைப் பார்த்தபடி.

சங்கராபுரத்தில் ஏறி, கள்ளக்குறிச்சியில் மாறி, கரியாலூர் தாண்டி இறங்கினேன். அங்கிருந்து தேக்கம்பாடிக்கு நடைதான், ஒரு மணி நேரம். ரோடு என்று எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அவள் என் கொல்லைக்கு வருகிறாள். நான் அவள் ஊருக்குப் போவது இதுதான் முதல் தடவை.

வெள்ளச்சி வாசலில் புளி அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். "யாருக்காவது எதுவும் ஆச்சாக்கா?" என்றாள். ஒன்றுமில்லை, பார்க்கத்தான் வந்தேன் என்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நம்பவில்லை. அவள் புருஷன் மாதன் எனக்குக் கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டார். அவர்களுடைய சாமை நிலம் வீட்டுக்குப் பின்னாலேயே சரிகிறது. அதன் கீழே ஓடை, பாறைக்குப் பாறை கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது.

அணையைப் பற்றிக் கேட்டேன். வெள்ளச்சிதான் முதலில் பேசுவாள் என்று நினைத்தேன். மாதன் பேசினார்.

"கட்டட்டுங்கம்மா. எங்கம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப டோலி கட்டித் தூக்கினு போனோம். நீங்க நடந்து வந்தீங்களே, அதே வழி. ரோட்டுக்குப் போறதுக்குள்ள உசுரு போயிடுச்சி. கீழ வூடு தர்றேன்னா நான் போயிடுவேன். நான் குடைக்குத்தான்."

இவர்களுக்காக நான் தவித்துக்கொண்டிருந்தால், மாதன் என் வீட்டுக்காரர் பக்கம் இருக்கிறார்.

"நீ இன்னா சொல்ற?" என்று வெள்ளச்சியைக் கேட்டேன்.

அவள் புளியங்கொட்டையைத் தட்டி எடுத்துக்கொண்டே சொன்னாள். "இவரு சொல்றதும் நெசந்தாங்க்கா. அத்தை போனத நானும் பாத்தேன். ஆனா கீழ வந்து இன்னா பண்றது? இப்ப வருசத்துக்கு நாப்பது நாளு உங்க கொல்லைக்கு வர்றேன். எனக்குன்னு ஒரு நெலம் இருக்கறதால நாப்பது நாளோட திரும்பி வந்துடறேன். அது தண்ணில போயிட்டா, வருசம் பூரா உங்க கொல்லையிலயே களை எடுத்துக்கினு கெடக்கணும்."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. கூலிக் கணக்குப் பேசுவதுபோல்தான் சொன்னாள். எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது.

"அப்ப நீ சாவிக்கா?"

"பட்டா தர்றோம்னு எத்தினி தடவ சொன்னானுங்க. பாக்கலாம்" என்றாள். மாதன் சிரித்தார். ஒரே வீட்டில் இரண்டு ஓட்டு. அதைச் சொல்லிச் சாதாரணமாகச் சிரிக்கிறார்கள்.

கிளம்பும்போது ஒரு பை புளி கொடுத்தாள். மலை அடிவாரத்தில் பறக்கும் படைக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லார் பையையும் பார்த்தார்கள். என் பையைத் திறந்த பெண் போலீஸ் புளியை முகர்ந்து பார்த்து, "புதுப்புளியா?" என்று கேட்டது.

மார்ச் 28

மாதனுக்கு அம்மா. வெள்ளச்சிக்கு நிலம். இரண்டில் எது பெரிது என்று நான் எங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது?

ஏப்ரல் 3

சாயங்காலம் சாவிக் கட்சியிலிருந்து வீடு வீடாக வந்தார்கள். இவர் சங்கராபுரத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். எங்கள் வாசலில் குடைக் கொடி கட்டியிருப்பதால் தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஜெயசுதா என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், கள்ளக்குறிச்சி கோர்ட்டில் வக்கீலாம்—நின்று, "நோட்டீஸ் மட்டும் குடுத்துட்டுப் போலாங்களாக்கா?" என்றது.

உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். தூர்வாருகிறோம் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள், நீங்கள் என்ன புதிதாகச் செய்வீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியது. எங்கள் ஏரியின் வரத்து வாய்க்கால் நாலு இடத்தில் அடைபட்டிருக்கிறது. எந்தெந்தப் பட்டா நிலத்தை ஒட்டி என்று சர்வே நம்பர் போட்டிருந்தது.

"மூணாவது நம்பரு யாருதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். சாவி வேட்பாளரின் சித்தப்பா நிலம் அது.

அந்தப் பெண் தலையை ஆட்டியது. "தெரியுங்கக்கா. மறைக்காமத்தான் எல்லா வூட்லயும் காட்டிக்கினு வர்றேன். கட்சியில எனக்குத் திட்டு வுழுது" என்றது.

அப்படிச் சொன்னதால் எனக்கு அதைப் பிடித்துப்போனது. இன்னொரு தடவை பட்டியலைப் பார்த்தேன். நாலாவது நம்பர் 107/2.

107/2 எங்கள் நிலம்.

அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது போலிருக்கிறது. நான் சொல்லவில்லை. தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 4

காலையில் இவர் சாப்பிட உட்கார்ந்தபோது தாளைப் பக்கத்தில் வைத்தேன். படித்துவிட்டு இட்லியைத் தொடவில்லை.

"உனுக்கு யாரு குடுத்தது?"

"யாரு குடுத்தா இன்னா. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எனுக்கு ஏழு வயசு இருக்கும். அப்பா வாய்க்கால ஏரு கட்டி ஓட்டி சமம் பண்ணாரு. தென்னை வெச்சாரு. அப்ப ஏரி ரொம்பிக்கினு இருந்துது. ஒரு வாய்க்கா கம்மியானா இன்னான்னு ஊர்ல யாரும் கேக்கல. அப்பறம் மத்தவனும் அடச்சான்."

"இத்தினி வருசம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லி இன்னா பண்றது? தென்னைய புடுங்கிட்டா தண்ணி வந்துடுமா? மீதி மூணு பேரு வுடுவானா? அதுக்குத்தான் அணை வரணும்ன்றேன். யாரு நெலத்துலயும் கை வெக்காம தண்ணி வரும்."

யாரு நெலத்துலயும் கை வெக்காமயா? வெள்ளச்சி நெலம் யாரு நெலத்துலயும் சேத்தி இல்லியா? இன்னா மனுசன் இவரு. கேக்கணும்னு வாய் வரிக்கும் வந்துது. கேக்கல. ஏன்னா நானுந்தான். முதல் நாள் நோட்டீஸப் பாத்ததும் எனக்கும் சந்தோசமாத்தான இருந்துது. அந்தத் தேங்காயத்தான இருபத்தாறு வருசமா அரச்சிப் போட்டுக்கினு இருக்கேன்.

மத்தவங்க வூட்ட எவ்ளோ சுலபமா எடுத்துக் குடுத்துட்டோம். நம்ம தென்னைன்னதும் இட்லி எறங்கல.

ஏப்ரல் 5

இன்றைக்கு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை இல்லை. பேச்சு வரவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 9

வாய்க்கால் வழியே தனியாக நடந்து பார்த்தேன். மலைப்பக்கத்திலிருந்து வரும்போது நல்ல அகலம், வேலிகாத்தான் முள் மண்டிக் கிடக்கிறது, ஆனால் வாய்க்கால் என்று தெரிகிறது. சாவி வேட்பாளரின் சித்தப்பா களம் கட்டியிருக்கிறார். ஒருவர் கரும்பு போட்டிருக்கிறார். பிறகு நம் தென்னந்தோப்பு. அதற்கப்புறம் செல்லமுத்து மாமாவின் மாட்டுக்கொட்டகை. அதைத் தாண்டினால் ஏரி. நமக்கும் ஏரிக்கும் நடுவில் அவர் ஒருவர்தான்.

மழைக்காலத்தில் இந்தப் பக்கத்து ரோடு ஏன் உடைகிறது என்று வருடா வருடம் மனு கொடுக்கிறோம். தண்ணீர் போக வழியில்லாமல் ரோட்டில் ஏறுகிறது. இது எனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது. ஐம்பது வயதாகப் போகிறது எனக்கு.

செல்லமுத்து மாமா கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். தாளைப் பற்றி அவருக்கும் தெரிந்திருக்கிறது. "பயப்படாத செல்வி. எவன் ஜெயிச்சாலும் நம்ம நெலத்துல கை வெக்க மாட்டான். ஓட்டு வேணும்ல" என்றார்.

என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். அது உண்மையாக இருந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

ஏப்ரல் 18

அன்பு போன் பண்ணினான். நேற்றே பஸ்ஸுக்குப் பதிவு செய்துவிட்டானாம், ஓட்டுப் போட வருகிறான். "நீ யாருக்கும்மா?" என்றான். முடிவு பண்ணவில்லை என்றேன். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று சிரித்தான். பிறகு, "உனக்குச் சரின்னு படறதுக்குப் போடு. எங்கிட்ட எதுக்குக் கேக்கற" என்றான். நான் அவனிடம் கேட்கவே இல்லை.

தனியாக உட்கார்ந்து திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அணை வந்தால் மாதனுக்கு ஆஸ்பத்திரி பக்கம். அதற்கு அணை எதற்கு? ரோடு போட்டால் போதுமே. இதை அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. சாவிக்காரர்கள் சித்தப்பா நிலத்தில் கை வைப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் அவர்கள் சொல்வதும் பொய். பொய் சொல்கிறவர்கள் சரியானதைச் சொன்னால் என்ன செய்வது?

இவர் இன்றைக்கு மூன்றாவது தடவை பூத் சிலிப்பை எடுத்துப் பார்த்துவிட்டு என் தலையணைக்கு அடியிலேயே வைத்தார்.

ஏப்ரல் 22

மைக் சத்தம் நின்று ஒரு நாள் ஆகிறது. ஊரே காது அடைத்தாற்போல் இருக்கிறது.

ஏப்ரல் 23

பள்ளிக்கூடத்தில்தான் பூத். ஏழரைக்கே வரிசை வெளியே வந்துவிட்டது. இவர் நூறு மீட்டர் கோட்டுக்கு அந்தப் பக்கம் குடைக்காரர்களின் மேசையில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அன்பு எனக்கு முன்னாலேயே போட்டுவிட்டு வந்து மரத்தடியில் நின்றான்.

உள்ளே மறைப்புக்குப் பின்னால் போனதும் கை குடைக்குப் பக்கத்தில் போனது. பழக்கம். எடுத்துக்கொண்டேன். வெளியே இருந்த வாத்தியார், "சீக்கிரம்மா" என்றார்.

சாவிக்குப் போட்டேன்.

செய்வார்கள் என்று நம்பிப் போடவில்லை. நான் கேட்க வேண்டியது இதைத்தான் என்று பட்டது. நம் வாய்க்காலைத் திறந்து பார்க்காமல் இன்னொருத்தியின் நிலத்தை முழுக வைத்துத் தண்ணீர் கேட்பது எனக்குச் சரியென்று படவில்லை. எழுதும்போது பெரிய விஷயம் மாதிரி இருக்கிறது. அங்கே ஒரு பொத்தான், ஒரு பீப் சத்தம். சீட்டு கண்ணாடிக்குள் சாவிப் படத்தோடு கொஞ்ச நேரம் நின்று விழுந்தது.

இவர் எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் மேசையில் இருந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தனுப்பினேன்.

மே 4

குடை ஜெயித்துவிட்டது. ஆட்சியும் அவர்கள், தொகுதியும் அவர்கள். தெருவெல்லாம் வெடி. இவர் கழுத்தில் நாலு சால்வையோடு வந்தார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நம்ம பூத்துல சாவிக்கு நூத்திப் பதினேழு. போன தடவ எம்பதுதான். யாரு போட்டானுங்கன்னே தெரியல" என்றார்.

"அதுல ஒண்ணு நானு" என்றேன்.

டிவியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "ஆரத்தித் தட்டுல கேட்டியே, அன்னிக்கே தெரியும்."

சால்வையை மடித்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

ஜூலை 6

வெள்ளச்சி ஆட்களோடு களைக்கு வந்தாள். அவளுடைய சாமை நிலத்து ஓரத்தில் கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்களாம். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து மேலே சிவப்பில் நம்பர் போட்டது. "ஆய்வுதான், இப்ப ஒண்ணும் கட்டல" என்று சொன்னார்களாம்.

"மாதன் இன்னா சொல்றாரு?"

"கல்லு நட்ட அன்னிக்கி சோறு துன்னலக்கா. வூடு எங்க தருவீங்கன்னு கேட்டிருக்காரு. பாக்கலாம்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிட்டாங்க."

மாதன் ஓட்டுப் போட்ட கட்சிதான் ஜெயித்திருக்கிறது.

வாய்க்கால் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன், எங்கள் தென்னை உட்பட. அவள் களைக்கொத்தைப் பிடித்தபடியே தோப்பைப் பார்த்தாள்.

"அப்ப எங்க மழையெல்லாம் இங்க வந்து இதுங்கிட்ட முட்டிக்கினு நிக்குதா?"

ஆமாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டாள். வேலை முடிகிற வரைக்கும் எனக்கு அவள் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது.

ஆகஸ்ட் 9

மனு எழுதிவிட்டேன். இரண்டே விஷயம். ஒன்று, வரத்து வாய்க்காலை அளந்து ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும். இரண்டு, வாய்க்காலைத் திறந்து ஏரியில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்க்காமல் அணை வேலையைத் தொடங்கக் கூடாது என்று இந்த ஊர் கேட்டுக்கொள்கிறது. பதினைந்தாம் தேதி கிராமசபையில் வைக்கப் போகிறேன்.

இவர் படிக்கட்டும் என்று மேசை மேலேயே வைத்திருந்தேன். மடிப்பு மாறியிருக்கிறது. படித்திருக்கிறார்.

ஆகஸ்ட் 15

கிராமசபை பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. எண்பது பேர் இருக்கும். ஜெயசுதா வந்து பின்னால் நின்றது. தேர்தலில் தோற்ற பிறகு சாவிக்காரர்களில் இந்த ஊர்ப் பக்கம் வந்தது அந்தப் பெண் ஒன்றுதான். இவர் முன்வரிசையில் இருந்தார். நான் மனுவை வைப்பேன் என்று அவருக்குத் தெரியும். என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது.

என் முறை வந்தபோது எழுந்தேன். மனுவைப் படித்தேன். அணையைப் பற்றிய வரி வந்ததும் குடைப் பையன்கள் சலசலத்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "மொதல்ல உன் நெலத்த காட்டும்மா" என்றார்.

"காட்டத்தான் வந்திருக்கேன். எங்க 107/2லயிருந்தே ஆரம்பிங்க. வாய்க்கால்ல பதினோரு தென்னை நிக்குது. எடுத்துக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.

இவர் எழுந்தார். வெளியே போகிறார் என்று நினைத்தேன். பார்க்கவே முடியவில்லை, தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பதினொண்ணு இல்ல, பதிமூணு" என்றார் இவர். "வடக்கால மூலையில ரெண்டு நிக்குது. அது அவளுக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள். இரண்டாவதை மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்புவார்களா, தெரியாது. வீட்டுக்கு ஒன்றாகத்தான் நடந்து வந்தோம். வழியில் அவருக்கு மூன்று போன் வந்தது. எடுக்கவில்லை.

செப்டம்பர் 19

நில அளவர் வந்து அளந்தார். கரும்புக்காரர் ஒத்துக்கொண்டார். சாவி வேட்பாளரின் சித்தப்பா கோர்ட்டுக்குப் போகிறேன் என்கிறார். செல்லமுத்து மாமா கொட்டகையைப் பிரிக்க மாட்டேன் என்கிறார். கூலி கொடுத்து மரத்தை நாங்களே எடுத்துவிட்டோம். இவர் கடைசி மரம் சாயும்வரை நின்று பார்த்தார். ராத்திரி குழம்பில் தேங்காய் போடவில்லை. அவர் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

கிளைச் செயலாளர் பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "நல்லதாப் போச்சி, அலச்சல் மிச்சம்" என்கிறார். கொடிக் கட்டுகளை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கூடம் காலியாக இருக்கிறது.

அக்டோபர் 17

இரண்டு நாளாக மலையில் மழை. வெள்ளச்சி போனில் சொன்னாள்: ஓடை கரை தொட்டுப் போகிறது; அவர்கள் ஊருக்கு ரோடு வேண்டுமென்று மாதன் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறார், கூட நாற்பது பேர் போனார்களாம். வெள்ளைக்கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

காலையில் கொல்லைக்குப் போனேன். தண்ணீர் வந்திருந்தது. சித்தப்பா களத்தைச் சுற்றிக்கொண்டு, கரும்புக்காரர் விட்ட வழியில் இறங்கி, தென்னை நின்ற இடத்தில் செம்மண் நிறத்தில் முழங்கால் ஆழம் ஓடுகிறது. செல்லமுத்து மாமாவின் கொட்டகைச் சுவர் வரைக்கும் போய் அங்கே தேங்கி நிற்கிறது. அந்தப் பக்கம் ஏரி காய்ந்து கிடக்கிறது. நடுவில் ஒரு சுவர்தான்.

இவர் என் பக்கத்தில் நின்று பார்த்தார். "நான் போயி செல்லமுத்துகிட்ட பேசறேன்" என்றார். மாமா இவரோடு கிராமசபைக்குப் பிறகு பேசுவதில்லை.

போய் மூன்று மணி நேரம் ஆகிறது. மழை விடவில்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை, அது நல்லதா கெட்டதா தெரியவில்லை. இரண்டு பேரும் காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள். சோறும் புளிக்குழம்பும் தூக்குச்சட்டியில் எடுத்து வைத்துவிட்டேன். இந்த நோட்டை மூடிவிட்டு நானும் போகிறேன்.